ஓஎஸ்பிஎஃப் ஏரியாக்கள்: எங்கே பிரிப்பது, எதை மறைப்பது, எப்படி இணைப்பது

நூறு, இருநூறு ரவுட்டர்கள் உள்ள ஒரு நெட்வொர்க்கைப் பொறுப்பேற்பவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி எழும். எல்லா ரவுட்டர்களையும் ஓஎஸ்பிஎஃப்-இன் ஒரே ஏரியாவில் வைப்பதா, பிரிப்பதா? பிரித்தால் எந்த ஏரியாவை எந்த வகையாக அமைப்பது? பேக்போனைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் ஏரியாவை என்ன செய்வது? ஏரியா வகைகளையும் அவற்றுக்கான கட்டளைகளையும் பாடப்புத்தகங்கள் அட்டவணை போட்டுத் தந்துவிடுகின்றன. அதை மனப்பாடம் செய்து சான்றிதழ் தேர்வில் தேறிவிடலாம். ஆனால் கோட்டை எங்கே கிழிப்பது என்பதை அந்த அட்டவணை சொல்லாது. இந்த விதிகள் ஏன் வந்தன, ஒவ்வொரு வகையும் யாரிடமிருந்து எதை மறைக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரவுட்டரின் சுமையைக் குறைக்கத்தான் ஏரியாக்கள் என்ற பழைய காரணம் இன்று பெரும்பாலும் காலாவதியாகிவிட்டது. ஓரிடத்துக் கோளாறு ஊர் முழுக்கப் பரவாமல் தடுப்பது என்ற காரணம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே எதையும் மறைக்காத ஏரியா எல்லை, பெயரளவுக்கு ஓர் எல்லை.

பிரிக்கும் யோசனை வந்த வழி

1969-ல் தொடங்கிய அர்ப்பாநெட்டில் முதலில் இருந்தது, பக்கத்துக் கணினி சொல்லும் தூரத்தை நம்பி வழி தேடும் முறை. 1979-ல் ஜான் மெக்குயிலன், எரிக் ரோசன் முதலானோர் அதை மாற்றினார்கள். ஒவ்வொரு கணுவும் தன் லிங்க்குகளின் நிலையை நெட்வொர்க் முழுவதற்கும் அறிவிக்கும். எல்லாக் கணுக்களும் ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளும். லிங்க்-ஸ்டேட் என்று இன்று நாம் சொல்லும் முறை இதுதான்.

இதன் ஆபத்து அடுத்த ஆண்டே தெரிந்தது. 1980 அக்டோபர் 27 அன்று அர்ப்பாநெட் பல மணி நேரம் முடங்கிப்போனது. நினைவகத்தில் பிட்டுகள் உதிர்ந்ததால், ஒரே கணுவின் அறிவிப்பு 44, 40, 8 என்ற மூன்று வரிசை எண்களோடு உலவத் தொடங்கியது. இரும எண்ணில் எழுதினால் 101100, 101000, 001000. ஒவ்வொரு முறையும் ஒரு 1 உதிர்ந்திருக்கிறது. வரிசை எண் 63 வரை ஓடி மறுபடி பூஜ்யத்துக்கு வரும் ஏற்பாடு என்பதால் 40-ஐவிட 44 புதியது, 8-ஐவிட 40 புதியது, 44-ஐவிட 8 புதியது என்று கணக்கு வட்டமடித்தது. ஒவ்வொன்றும் மற்றதை ‘பழையது’ என்று தள்ளிவிட்டு ஓயாமல் பரவியது. ஒரு பெட்டியில் நேர்ந்த பிழை எல்லாப் பெட்டிகளையும் பிடித்துக்கொண்டது. ரோசன் இதை விரிவாக எழுதி 1981-ல் ஆர்எஃப்சி 789 ஆக வெளியிட்டார். நெட்வொர்க் துறையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டிய ஆவணம் அது.

லிங்க்-ஸ்டேட் முறையைப் பின்பற்றும் ஓஎஸ்பிஎஃப் இந்தப் பாடத்தோடுதான் பிறந்தது. ஐஇடிஎஃப் 1988-ல் இதற்கென ஒரு குழு அமைத்தது. புரோட்டியான் நிறுவனத்தில் இருந்த ஜான் மோய் எழுதிய முதல் வரையறை 1989 அக்டோபரில் ஆர்எஃப்சி 1131 ஆக வந்தது. இரண்டாம் பதிப்பு 1991-ல் வந்தது. 1998 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 2328 இன்றும் அடிப்படை ஆவணமாக இருக்கிறது. வரிசை எண் 32 பிட்டாக நீண்டது. வட்டமடிப்பதை விட்டு நேர்கோட்டில் ஏறியது. எல்எஸ்ஏ எனப்படும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் செக்சம் உண்டு, 3600 வினாடி ஆயுளும் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும்; புதுப்பிக்காமல் விட்டால் அந்த ஆயுள் முடிந்ததும் தானாகக் காலாவதியாகிவிடும்.

ஏரியா என்ற ஏற்பாடும் இந்த வரையறையிலேயே இடம்பெற்றது. பெரிய நெட்வொர்க்கை அடுக்குகளாகப் பிரித்தால் ரூட்டிங் அட்டவணை சுருங்கும், அதற்கு விலையாகச் சில பாதைகள் நீளும் என்பதை லெனார்ட் கிளைன்ராக்கும் ஃபரூக் காமூனும் 1977-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். அந்த விலையை இன்றும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எல்லையைத் தாண்டிப் போவது எது

ஓர் ஏரியாவுக்குள் எல்லா ரவுட்டர்களிடமும் ஒரே வரைபடம் இருக்கும். ரவுட்டர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் வகை 1, பொது நெட்வொர்க்குகளைப் பற்றிய வகை 2 ஆகிய எல்எஸ்ஏ-க்கள் அந்த ஏரியாவை விட்டு வெளியே போவதில்லை. இரண்டு ஏரியாக்களில் கால் வைத்து நிற்கும் எல்லை ரவுட்டரான ஏபிஆர், ‘இந்த நெட்வொர்க் என் வழியாக இவ்வளவு தூரம்’ என்ற வகை 3 செய்தியை மட்டும் மறுபக்கம் தருகிறது.

பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. ஏரியாக்களுக்கிடையே ஓஎஸ்பிஎஃப் லிங்க்-ஸ்டேட் முறையில் இயங்குவதில்லை. பழைய தூரக்கணக்கு முறைக்கே திரும்பிவிடுகிறது. அந்த முறையில் சுழல்பாதை விழும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத்தான், ஏரியாக்களுக்கிடையிலான போக்குவரத்து எல்லாம் பேக்போனான ஏரியா 0 வழியாகவே போக வேண்டும், பேக்போனிலிருந்து வந்த வகை 3 செய்திகளை மட்டுமே ஏபிஆர் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதி. ஏரியா 0 கட்டாயமாக இருப்பதற்கும், விர்ச்சுவல் லிங்க் என்ற ஒட்டுவேலை பிறந்ததற்கும் காரணம் இந்த ஒரே விதிதான்.

எல்லை உண்மையில் எதை மறைக்கிறது? ஏரியா 1-ல் 10.20.0.0/16 என்ற முகவரித் தொகுதி 256 துண்டுகளாகக் கிளைகளுக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏபிஆர்-இல் எதையும் சுருக்காமல் விட்டால் 256 வகை 3 செய்திகள் பேக்போனுக்குள் போகும். அங்கிருந்து மற்ற ஏரியாக்களுக்கும் போகும். ஒரு கிளையின் லைன் விழுந்து எழுந்தால், அந்தத் துண்டுக்கான செய்தி வாபஸாகி மறுபடி பிறந்து நெட்வொர்க்கின் மறுகோடி வரை ஓடும். தொலைவில் உள்ள ரவுட்டர்கள் முழு டைக்ஸ்ட்ராக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதில்லை, அந்த ஒரு ரூட்டை மட்டும் திருத்தினால் போதும் என்பது உண்மை. ஆனால் கோளாறின் அதிர்வு எல்லோரையும் எட்டிவிடுகிறது. ‘ஏரியா ரேஞ்ச்’ கட்டளை கொண்டு 256-ஐயும் ஒரே /16 ஆகச் சுருக்கினால், கிளையின் லைன் ஆடுவது வெளியே தெரியாது.

சுருக்குவதற்கும் விலை உண்டு. ஏரியா 1-க்கு இரண்டு ஏபிஆர்-கள் இருந்து, உள்ளே ஒரு லிங்க் அறுந்து ஏரியா இரண்டாகப் பிளந்துவிட்டால், இருவரும் அதே /16-ஐத் தொடர்ந்து விளம்பரம் செய்வார்கள். ஒரு பாதிக்குப் போக வேண்டிய பேக்கெட் மறுபாதியின் ஏபிஆர்-இடம் போய் அங்கேயே அழியும். சுருக்காமல் விட்டிருந்தால், பிளந்த ஏரியா இரண்டு தனி ஏரியாக்கள்போலத் தடையின்றி இயங்கியிருக்கும். எனவே சுருக்கும் ஏரியாவுக்குள் இரண்டு ஏபிஆர்-களையும் அந்த ஏரியாவின் வழியாகவே இணைக்கும் உறுதியான லிங்க் ஒன்று வேண்டும்.

அந்த லிங்க்கை எந்த ஏரியாவில் வைப்பது என்பது இன்னொரு சிக்கல். எவ்வளவு நீண்ட பாதையானாலும் தன் ஏரியாவுக்குள் போகும் பாதைக்கே ஓஎஸ்பிஎஃப் முதலிடம் தரும். ஏபிஆர்-களுக்கிடையே 10 கிகாபிட் லிங்க்கைப் போட்டு அதை ஏரியா 0-வில் வைத்தால், ஏரியா 1-ன் போக்குவரத்து அதைத் தொடாமல் கிளைகளின் மெல்லிய லைன் வழியாகச் சுற்றிப் போகும். பல ஆண்டுகள் இதற்கு விடை, அதே கம்பியில் இரண்டு விஎல்ஏஎன் போடுவதாக இருந்தது. 2008-ல் வந்த ஆர்எஃப்சி 5185, ஒரே லிங்க் பல ஏரியாக்களில் உறவு கொள்ள வழி செய்தது.

ஸ்டப் முதல் என்எஸ்எஸ்ஏ வரை

ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து கொண்டுவரப்படும் ரூட்டுகள் வகை 5 எல்எஸ்ஏ-க்களாகப் போகும். இவை சாதாரண ஏரியா எல்லைகளை மதிப்பதில்லை. எல்லாச் சாதாரண ஏரியாக்களுக்குள்ளும் அப்படியே பரவும். ஒரு பொறியாளர் வடிகட்டி போட மறந்து பிஜிபி-யின் இணைய ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் திறந்துவிட்டால், பல லட்சம் வகை 5 செய்திகள் மூலைமுடுக்கிலுள்ள சின்ன ரவுட்டரின் நினைவகத்தையும் நிரப்பிவிடும். 1995-ல் ஆர்எஃப்சி 1765 இந்த நிரம்பலைச் சமாளிக்க ஒரு சோதனை ஏற்பாட்டை முன்வைத்தது. இன்றைய ரவுட்டர்களில் எல்எஸ்ஏ எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் எளிய அரண் ஸ்டப் ஏரியாதான். அதற்குள் வகை 5 நுழையாது. அதற்குப் பதிலாக ஏபிஆர் ஒரு டிஃபால்ட் ரூட்டைத் தரும்.

நிபந்தனை ஒன்று உண்டு. ஏரியாவில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் ‘ஏரியா 1 ஸ்டப்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஹலோ பேக்கெட்டில் உள்ள ஈ-பிட் இதைக் காட்டுகிறது. ஒருவர் ஸ்டப் என்றும் மற்றவர் சாதாரணம் என்றும் சொன்னால் ஹலோ நிராகரிக்கப்படும். நெய்பர் பட்டியலில் எதிர்முனையின் பெயரே இராது. பிங் போகும், கேபிள் சரியாக இருக்கும், நெய்பர் மட்டும் வராது. இந்த நிலையில் ஐபி முகவரி, ஹலோ இடைவெளி ஆகியவற்றோடு ஏரியா வகையையும் சரிபார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஏரியாவைப் பகல் நேரத்தில் ஸ்டப்பாக மாற்றினால், எல்லா ரவுட்டர்களிலும் கட்டளை ஏறி முடியும்வரை உறவுகள் அறுந்து கிடக்கும். இதைப் பராமரிப்பு நேரத்தில்தான் செய்ய வேண்டும்.

மற்ற ஏரியாக்களின் வகை 3 செய்திகளையும் நிறுத்தி, டிஃபால்ட் ரூட்டை மட்டும் அனுப்பினால் அது டோட்டலி ஸ்டப்பி. இதற்கான ‘நோ-சம்மரி’யை ஏபிஆர்-களில் மட்டும் எழுதினால் போதும். ஒரே வாசல் உள்ள கிளை அலுவலகங்களுக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு கிடையாது என்பது என் உறுதியான கருத்து. வெளியே போக ஒரே வழி இருக்கும்போது, ஆயிரம் ரூட்டுகளைத் தெரிந்துகொண்டு அந்த ரவுட்டர் எடுக்கப்போகும் முடிவு ஒன்றும் இல்லை. வாசல் இரண்டானால் யோசிக்க வேண்டும்: டிஃபால்ட் ரூட்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வாசல் எந்த இலக்குக்கு அருகில் என்று தீர்மானிக்க முடியாது.

ஸ்டப் ஏரியாவுக்குள் வெளி ரூட்டைக் கொண்டுவரும் ரவுட்டர் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட் வட்டார நெட்வொர்க்குகளுக்கு இது பெரிய இடைஞ்சலாக இருந்தது. அவற்றின் முனையில் இருந்த வளாகங்கள் ரிப் போன்ற பழைய நெறிமுறைகளை ஓட்டின. அந்த வளாகத்தின் ரூட்டுகள் உள்ளே வரவேண்டும். வெளியுலக ரூட்டுகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. ராப் கோல்டனும் வின்ஸ் ஃபுல்லரும் 1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1587-ல் தந்த தீர்வு என்எஸ்எஸ்ஏ. 2003-ல் ஆர்எஃப்சி 3101 அதைத் திருத்தி எழுதியது. இங்கே வெளி ரூட் வகை 7 ஆகப் பிறக்கிறது. எல்லையில் ஏபிஆர் அதை வகை 5 ஆக மாற்றி உலகுக்குச் சொல்கிறது. ஏபிஆர் பல இருந்தால், ரவுட்டர் ஐடி பெரிதாக உள்ளவர் இந்த வேலையைச் செய்வார்.

என்எஸ்எஸ்ஏ-வில் பழுதுகள் அதிகம் முளைக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது டிஃபால்ட் ரூட். சிஸ்கோ ரவுட்டரில் ஸ்டப் என்று எழுதினால் டிஃபால்ட் தானாக வரும். டோட்டலி என்எஸ்எஸ்ஏ-விலும் தானாக வரும். வெறும் என்எஸ்எஸ்ஏ-வில் நாம் தனியாகக் கேட்டால்தான் வரும். ஜூனிபரில் ஸ்டப் ஏரியாவுக்குக்கூட ‘டிஃபால்ட்-மெட்ரிக்’ எழுதாமல் டிஃபால்ட் வராது. ஸ்டப்பாக இருந்ததை என்எஸ்எஸ்ஏ ஆக்கிய மறுநொடி கிளைகளில் இணையம் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, வகை 7-க்குள் பொதிந்துள்ள ஃபார்வர்டிங் முகவரி. வகை 5 ஆக மாறிய பிறகும் இந்த முகவரி கூடவே போகும். அந்த முகவரிக்குப் போகும் ஓஎஸ்பிஎஃப் ரூட்டை யாரோ ஏபிஆர்-இல் வடிகட்டி மறைத்திருந்தால், எல்எஸ்ஏ டேட்டாபேஸில் தெரியும், ரூட் அட்டவணையில் ஏறாது. ஏன் ஏறவில்லை என்று எந்தப் பிழைச் செய்தியும் சொல்லாது.

விர்ச்சுவல் லிங்க்

எல்லா ஏரியாவும் ஏரியா 0-வைத் தொட வேண்டும் என்ற விதியை வாழ்க்கை எப்போதும் அனுமதிப்பதில்லை. இரண்டு நிறுவனங்கள் இணைகின்றன. ஒன்றின் ஏரியா மற்றதன் ஏரியா 1-க்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. அல்லது பேக்போனின் ஒரே லிங்க் அறுந்து ஏரியா 0 இரண்டாகிறது. சாதாரண ஏரியா பிளந்தால் தாங்கும் ஓஎஸ்பிஎஃப், பேக்போன் பிளந்தால் தாங்காது.

அப்போது இரண்டு ஏபிஆர்-களிலும் ஒரு வரி எழுதுகிறோம். ஒன்றில் ‘ஏரியா 1 விர்ச்சுவல்-லிங்க் 2.2.2.2’, மற்றதில் ‘ஏரியா 1 விர்ச்சுவல்-லிங்க் 1.1.1.1’. இங்குள்ள எண்கள் எதிர்முனையின் ரவுட்டர் ஐடி. புதியவர்கள் இன்டர்ஃபேஸ் முகவரியை எழுதிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பதுண்டு. ‘ஏரியா 1’ என்பது நடுவில் கடந்து போகும் ஏரியா, அதாவது கடப்பு ஏரியா. லிங்க் சேர்வதோ ஏரியா 0-வில். ரவுட்டர் ஐடியைக் கையால் எழுதாமல் விட்டிருந்தால், யாரோ ஒரு புதிய லூப்பேக்கைச் சேர்த்த பிறகு, அடுத்த ரீபூட்டில் ஐடி மாறி, விர்ச்சுவல் லிங்க் காரணம் தெரியாமல் விழும்.

நடுவிலுள்ள ஏரியா ஏன் ஸ்டப்பாக இருக்கக் கூடாது? விர்ச்சுவல் லிங்க் வழியாக ஓஎஸ்பிஎஃப்-இன் சொந்தப் பேக்கெட்டுகள் மட்டுமே இரண்டு முனைக்கும் இடையே போகின்றன. பயனரின் தரவு எந்த உறைக்குள்ளும் புகாமல், ஏரியா 1-ன் ரவுட்டர்கள் வழியாகத் தன் இலக்கு முகவரியோடு நேராகவே போகிறது. ஆகவே வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டருக்கும் அந்த இலக்கு தெரிந்திருக்க வேண்டும். டிஃபால்ட் ரூட்டை மட்டும் வைத்திருக்கும் ரவுட்டர் பேக்கெட்டை வந்த வழியே திருப்பிவிடக்கூடும். இதே காரணத்துக்காகத்தான், பேக்போனுக்கு நாம் எழுதிய சுருக்கங்களையும் கடப்பு ஏரியாவுக்குள் செய்தி அனுப்பும்போது ஏபிஆர் பொருட்படுத்தக் கூடாது என்று ஆர்எஃப்சி 2328 சொல்கிறது. அதாவது ஒரு விர்ச்சுவல் லிங்க் போட்டவுடன், அந்த ஏரியாவில் நாம் மறைக்க விரும்பியதெல்லாம் வெளிப்பட்டுவிடுகிறது. அதன் உண்மையான விலை இதுதான்.

பராமரிப்பிலும் பொறிகள் உண்டு. ஏரியா 0-வுக்குக் கடவுச்சொல் சரிபார்ப்பு வைத்தால் அது விர்ச்சுவல் லிங்க்குக்கும் பொருந்தும். ஆனால் தொலைமுனை ரவுட்டரில் ஏரியா 0-வின் நேரடி இன்டர்ஃபேஸ் எதுவும் இல்லாததால் அங்கே எழுத மறந்துவிடுவார்கள். சிஸ்கோவில் இந்த லிங்க் நிலைபெற்றதும் ஹலோக்கள் அடக்கப்படுகின்றன. எனவே தவறு உடனே வெளிப்படாது. மாதங்கள் கழித்து ரவுட்டரை ரீபூட் செய்யும்போது லிங்க் எழாது. மாற்றம் செய்தவர் அப்போது வேறு வேலையில் இருப்பார். விர்ச்சுவல் லிங்க்குக்குத் தனி மெட்ரிக்கும் எழுத முடியாது. நடுவிலுள்ள பாதையின் மெட்ரிக்கே அதன் மெட்ரிக். அது 65535-ஐத் தாண்டினால் லிங்க் செயலிழந்ததாகக் கருதப்படும். பராமரிப்புக்காக நடு ரவுட்டரின் லிங்க்குகளுக்கு 65535 வைத்துப் போக்குவரத்தை ஒதுக்கும் வழக்கம் பரவலானது. மாற்றுப்பாதை இல்லாத இடத்தில் அது விர்ச்சுவல் லிங்க்கையே வீழ்த்திவிடும். ஓஎஸ்பிஎஃப்-இன் மூன்றாம் பதிப்பிலும் விதிகள் இவையே. கூடுதலாகக் கடப்பு ஏரியாவில் இரண்டு முனைக்கும் உலகளாவிய ஐபிவி6 முகவரி ஒன்றாவது வேண்டும், ஏனென்றால் லிங்க்-லோக்கல் முகவரி ஒரு லிங்க்கைத் தாண்டாது.

மாற்றாகச் சிலர் ஜிஆர்இ டனல் அமைத்து அதை ஏரியா 0-வில் சேர்க்கிறார்கள். அது ஸ்டப் ஏரியா வழியாகவும் போகும் என்பது உண்மை. ஆனால் தரவே உறைக்குள் புகுவதால் பேக்கெட் அளவுச் சிக்கல் வரும்; டனலின் எதிர்முனைக்கு வழி டனலுக்குள்ளேயே இருப்பதாக ரவுட்டர் எண்ணிக்கொள்ளும் கோளாறும் வரும். கடப்பு ஏரியாவையே ஏரியா 0 ஆக மாற்றுவதும், ஒதுங்கிய ஏரியாவைக் கடப்பு ஏரியாவோடு ஒன்றாக்கிவிடுவதும் பெரும்பாலும் இரண்டையும்விட மேலானவை. ஓரிரு மணி நேரப் பராமரிப்புக்கு அஞ்சிப் பல ஆண்டு ஒட்டுவேலையைச் சுமப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்று எது பொருந்தும்

1990-களின் வடிவமைப்புக் கையேடுகள் ஓர் ஏரியாவுக்கு 50 ரவுட்டர்கள் போதும் என்றன. அன்றைய செயலிகளுக்கு அது சரி. இன்றைய ரவுட்டரில் சில நூறு கணுக்களின் டைக்ஸ்ட்ராக் கணக்கு சில மில்லி வினாடி வேலை. மறுபக்கம், எம்பிஎல்எஸ் வந்தபின் ஏரியா எல்லை இடைஞ்சலாகவும் மாறியது. எம்பிஎல்எஸ் லேபிள்களைப் பகிரும் எல்டிபி நெறிமுறை, ரவுட்டர் ஒவ்வொன்றின் /32 முகவரியும் அட்டவணையில் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. ஏபிஆர் சுருக்கினால் லேபிள் பாதை அறுந்தது. 2008-ல் ஆர்எஃப்சி 5283 இதைத் தளர்த்தியது. டிராஃபிக் இன்ஜினியரிங் கணக்கும் ஓர் ஏரியாவின் வரைபடத்துக்குள்தான் இயல்பாக நடக்கும். இதனால் சேவை நிறுவனங்கள் பல, உள் நெட்வொர்க்கை ஒரே ஏரியாவாகவோ ஐஎஸ்-ஐஎஸ்-இன் ஒரே அடுக்காகவோ வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் ரூட்டுகளை பிஜிபி-யிடம் ஒப்படைத்துவிட்டன. பெரிய டேட்டா சென்டர்களில் பிஜிபி-யை மட்டுமே ஓட்டும் முறையை 2016-ல் ஆர்எஃப்சி 7938 விவரித்தது.

ஆகவே பிரிப்பதற்கு முன் மூன்று நிபந்தனைகளைப் பார்க்கச் சொல்வேன். பிரிக்கப்போகும் பகுதியின் முகவரிகள் சுருக்கத்தக்க ஒரு தொகுதியாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வாசல்கள் இருந்தால் அவை உள்ளுக்குள் உறுதியாக இணைந்திருக்க வேண்டும். எம்பிஎல்எஸ் லேபிள் பாதைகள் அந்த எல்லையைத் தாண்டத் தேவை இருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் பிரியுங்கள். ஒற்றை வாசல் உள்ள கிளைகளை டோட்டலி ஸ்டப்பி ஆக்குங்கள். கிளையிலிருந்து வெளி ரூட் வந்தாக வேண்டும் என்றால் மட்டும் என்எஸ்எஸ்ஏ. பொருந்தாவிட்டால் எல்லாவற்றையும் ஏரியா 0-விலேயே வைத்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் நெட்வொர்க்கில் ஏற்கெனவே விர்ச்சுவல் லிங்க் இருந்தால், அடுத்த பராமரிப்பு நேரத்தில் இரண்டு முனையிலும் ரவுட்டர் ஐடி கையால் எழுதப்பட்டிருக்கிறதா, கடவுச்சொல் ஏற்பாடு இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பார்த்த கையோடு ஓஎஸ்பிஎஃப்-ஐ ஒருமுறை மீண்டும் தொடங்கி, அந்த லிங்க் தானாக எழுகிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.